வெஸ்ட்கேட் பண்ட் படகு: பாலத்து நிழல்ல அஞ்சு நிமிஷம், அப்பாவோட ஒரு ஞாயித்துக்கெழமை

மெல்பர்ன்ல மேற்குப் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். டார்னீட், பாயின்ட் குக், வெரிபின்னு குடியிருந்துக்கிட்டு தெனமும் வெஸ்ட் கேட் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேர் இருக்கோம். காலைல ஏழு மணிக்கு பாலத்து மேல ஊர்ந்துக்கிட்டே போவோம், முன்னாடி போற லாரியோட பின்பக்கத்தைப் பாப்போம், தூரத்துல சிட்டி பில்டிங்கைப் பாப்போம், அவ்வளவுதான். கீழ ஒரு ஆறு ஓடுது, அந்த ஆத்துல ஒரு சின்ன படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போயிட்டு வந்துக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரிய ஒம்பது வருஷம் ஆச்சு.

அந்தப் படகு சர்வீஸ் பேரு வெஸ்ட்கேட் பண்ட். ஸ்பாட்ஸ்வுட் கரையில சயின்ஸ்வொர்க்ஸ் மியூசியம் பக்கத்துல ஏறுனா எதிர்க்கரையில ஃபிஷர்மன்ஸ் பெண்ட்ல எறக்கி விடுவாங்க, நடுவுல யாரா ஆறு. நம்ம ஊர்ல ஆத்துல பரிசல் போடுவாங்கல்ல, அதே வேலைதான், இங்க மோட்டார் வச்ச படகு. பத்துப் பன்னெண்டு பேர் உக்காரலாம், சைக்கிளையும் ஏத்திக்கலாம். வெஸ்ட் கேட் பாலத்துல நடந்து போகவோ சைக்கிள்ல போகவோ விடமாட்டாங்க, கார் லாரி மட்டும்தான், அதனால மேற்குப் பக்கத்துல இருந்து சைக்கிள்ல வேலைக்குப் போறவங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். வார நாள்ல ஆபீஸ் நேரத்துக்கு ஒரு மாதிரி ஓட்டுறாங்க, வீக்கெண்டுல வேற மாதிரி. நேரம், டிக்கெட் விவரமெல்லாம் அப்பப்ப மாறும், கெளம்புறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ல ஒரு தடவை பாத்துக்குங்க.

நாங்க போனது ஞாயித்துக்கெழமை. நான், என் பொண்ணு, அப்புறம் ஊர்ல இருந்து வந்திருக்குற எங்க அப்பா. அப்பா திருச்சி துவாக்குடி ஆளு, வாழ்நாள் பூரா ஃபேப்ரிகேஷன் வேலை, ஃபிட்டரா சேந்து ஃபோர்மேனா ரிட்டையர் ஆனவரு, அதுல ஒரு ஏழெட்டு வருஷம் பாலத்துக்கு கர்டர், அதாவது பாரம் தாங்குற பெரிய இரும்பு உத்தரம், ஏத்துற சைட்லயே கெடந்தவரு. இங்க வந்து மூணு வாரம் ஆகியும் ஜூ, பீச், ஷாப்பிங் சென்டர் எதுலயும் மனுஷனுக்கு மனசு ஒட்டல. ஏர்போர்ட்ல இருந்து வர்றப்ப இந்தப் பாலத்துல ஏறுனதும் மட்டும் நிமிந்து உக்காந்து "தம்பி, இது ஸ்டீலா கான்கிரீட்டா?"ன்னு கேட்டாரு. ரெண்டும்தான்பான்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு எதுவும் தெரியல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவரை இதுக்கு அடியில கூட்டிட்டுப் போகணும்னு.

ட்ரெயின்ல வர்றவங்க ஸ்பாட்ஸ்வுட் ஸ்டேஷன்ல எறங்கி நடந்துரலாம், வெரிபி லைன், வில்லியம்ஸ்டவுன் லைன் ரெண்டுமே அங்க நிக்கும். நாங்க கார்ல போனோம். படகுத்துறைக்கு, இங்க ஜெட்டின்னு சொல்லுவாங்க, எறங்குற சாய்வு தண்ணி வத்துன நேரத்துல கொஞ்சம் செங்குத்தா இருக்கும், முட்டி வலி உள்ள பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா கையைப் புடிச்சு எறக்குங்க. படகுல இருந்தவர் அப்பாவைப் பாத்ததும் தானா கை நீட்டி ஏத்தி உக்கார வச்சாரு, அவசரப்படுத்தவே இல்ல, பொண்ணுக்கு லைஃப் ஜாக்கெட் எங்க இருக்குன்னு காமிச்சாரு. எங்க கூட மூணு சைக்கிள்காரங்க. அவ்வளவுதான் கூட்டம், கெளம்பிட்டோம்.

இந்தப் பயணத்துல காசு குடுத்து வாங்குறது என்னன்னா அந்த நடு ஆறுதான். பாலம் வடக்குப் பக்கம் நிக்குது, இங்க மத்தியானம் சூரியனும் வடக்கேதான் இருக்கும், அதனால பாலத்தோட நிழல் தண்ணி மேல ஒரு ரோடு மாதிரி விழுந்து கெடக்கு. அண்ணாந்து பாத்தா 58 மீட்டர் உயரத்துல அந்த ஸ்டீல் பெட்டி. கார்ல போறப்ப அது வெறும் ரோடு. கீழ இருந்து பாக்குறப்பதான் அது உள்ளுக்குள்ள காலியான ஒரு பெரிய இரும்புப் பெட்டி, தூணுக்குத் தூண் தாவிப் போகுதுன்னு தெரியுது. பாலத்தோட மொத்த நீளம் ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல, அதுல ரெண்டு பக்கமும் கான்கிரீட், நடுவுல அஞ்சு ஸ்பேன், அதாவது தூணுக்குத் தூண் நடுவுல இருக்குற துண்டு, மட்டும் ஸ்டீல்: 112 மீட்டர், 144, ஆத்துக்கு மேல 336, மறுபடியும் 144, 112. மேல ஓடுற லாரியோட சத்தம் டடக் டடக்னு தண்ணி வரைக்கும் எறங்கி வருது. அப்பா தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு வாயே தொறக்காம பாத்துக்கிட்டே வந்தாரு. எதிர்க்கரை வர்றப்ப ஒரே ஒரு கேள்விதான். "இதை ஏத்துறப்ப ஒண்ணும் ஆகலயா?"

ஆச்சுப்பா.

முன்னாடி ராத்திரிதான் உக்காந்து படிச்சிருந்தேன். எங்களை மாதிரி அந்தப் பாலத்துல தெனமும் போறவங்களுக்கு இது தெரியாம இருக்கக் கூடாதுன்னு தோணுது, அதனால ரிவியூவுக்கு நடுவுல இதையும் எழுதுறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

1968-ல வேலை ஆரம்பிச்சுது. ஸ்டீல் ஸ்பேன் டிசைன் பண்ணுனது லண்டன்ல இருந்த ஃப்ரீமேன் ஃபாக்ஸ் கம்பெனி, 1966-ல தொறந்த செவர்ன் பாலத்துல வேலை பாத்த பெரிய பேரு உள்ள ஆளுங்க. பெட்டி கர்டரை முழுசாத் தூக்கி மேல வைக்கிறது கஷ்டம்னு, நெடுக்குவாட்டுல ரெண்டாப் பொளந்த மாதிரி ரெண்டு பாதியா தரையிலயே செஞ்சு, ஒவ்வொரு பாதியையும் ஜாக்கி போட்டு தூணுக்கு மேல ஏத்தி, அங்க வச்சு ரெண்டையும் பக்கம் பக்கமா சேத்து போல்ட் போடறதுன்னு முடிவு பண்ணாங்க. கேக்குறதுக்கு நல்ல ஐடியா மாதிரிதான் இருக்கு. ஆனா பெட்டின்னா நாலு பக்கமும் ஒண்ணை ஒண்ணு புடிச்சிருந்தாத்தான் பெட்டி. பாதியாப் பொளந்தா மேல் தகட்டோட நடு விளிம்பு தாங்க ஆளில்லாம அந்தரத்துல நிக்கும், அழுத்தம் வந்தா அலை அலையா நெளிஞ்சிரும்.

மேற்குக் கரையில 10-ஆவது தூணுக்கும் 11-ஆவது தூணுக்கும் நடுவுல இருக்குற 112 மீட்டர் ஸ்பேன். ரெண்டு பாதியும் மேல ஏறிருச்சு. பக்கத்துல வச்சுப் பாத்தா வடக்குப் பாதி தெக்குப் பாதியை விட 114 மில்லிமீட்டர் ஒசந்து நிக்குது. கிட்டத்தட்ட நாலரை இஞ்ச். கேம்பர், அதாவது கர்டருக்கு வச்சிருக்குற மேல் வளைவு, ஒத்து வரல.

இதைச் சொன்னப்ப நாங்க ஃபிஷர்மன்ஸ் பெண்ட் ஜெட்டில எறங்கி ஒரு பெஞ்ச்ல உக்காந்திருந்தோம். அப்பா தன் வலது கைய விரிச்சுப் பாத்தாரு, கட்டை விரலை மடக்கிட்டு மத்த நாலு விரலையும் சேத்து வச்சு அந்த அகலத்தைக் காமிச்சாரு. "இதை விடக் கொஞ்சம் கூட. இவ்வளவு வந்தா எறக்கணும் தம்பி. எறக்கித் திருப்பி செய்யணும். வேற வழியே கெடையாது"ன்னாரு. எறக்குறதுன்னா மாசக்கணக்கு வேலை, காசு, ஏற்கெனவே லேட்டு.

அவங்க எறக்கல. ஒசந்து நின்ன பாதி மேல கனம் ஏத்தி அமுக்கிரலாம்னு சைட்ல கெடந்த கான்கிரீட் பிளாக்கை, ஒவ்வொண்ணும் 8 டன், பத்து பிளாக் வரைக்கும், மேல கொண்டு போய் வைக்க ஏற்பாடு பண்ணாங்க. கர்டர் எறங்குச்சு. கூடவே நடுவுல ஒரு இடத்துல மேல் தகடு புடைச்சுக்கிச்சு. பக்கிள்னு சொல்லுவாங்கல்ல, அது. எண்ணெய் டின் காலியானதும் அதோட பக்கத்தை அமுக்குனா டப்புன்னு ஒரு பக்கம் உள்ள போயி இன்னொரு பக்கம் வெளிய வருமே, அந்த மாதிரி. டின்னு அப்படி ஆயிட்டா அதுக்கப்புறம் அது மேல ஏறி நிக்க முடியாது, முன்னாடி நிக்கலாம், பின்னாடி முடியாது. தகடு புடைக்கிறதுங்குறது அசிங்கமா இருக்கேன்னு கவலைப்படுற விஷயம் இல்ல, இனிமே என்னால பாரம் தாங்க முடியாதுன்னு இரும்பு சொல்ற விஷயம்.

அந்தப் புடைப்போட சில வாரம் நின்னுச்சு. ரெண்டு பாதியையும் சேக்குற போல்ட் வேலையும் ஒரு பக்கம் நடந்துச்சு, பாதி முடிஞ்சிருந்துச்சு. அப்புறம் 1970 அக்டோபர் 15, வியாழக்கெழமை காலைல, புடைப்பை சரி பண்றதுக்காக அந்த இடத்துல குறுக்கு ஜாயின்ட்ல இருந்த போல்ட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ண ஆரம்பிச்சாங்க.

இங்க அப்பா என்னை நிறுத்திட்டாரு. "லோடு இருக்குறப்பவா?"

ஆமாப்பா, கர்டர் தன்னோட முழு கனத்துல தூணுக்குத் தூண் நிக்கிறப்பதான்.

அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பொண்ணுக்கு வெளக்குறாரு, அவளுக்கு பதினோரு வயசு. பாப்பா, ரெண்டு தகட்டை போல்ட் போட்டு நல்லா முறுக்குனா அந்த போல்ட்டோட தண்டு பாரத்தைத் தாங்குறது கெடையாது, ரெண்டு தகடும் ஒண்ணை ஒண்ணு இறுக்கி ஒட்டிக்கும், அந்த ஒட்டுதான் தாங்குது. ரெண்டு உள்ளங்கையையும் கும்புடுற மாதிரி சேத்து அழுத்திக்க, இப்ப யாராவது ஒரு கையை மேல இழுத்தா நழுவுமா? நழுவாது. கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தை விடு. ஒரு கட்டத்துல சரக்குனு நழுவும். எந்த போல்ட்ல நழுவும்னு யாருக்கும் தெரியாது, லூஸ் பண்ற வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டும் நல்லா இருக்குற மாதிரியே இருக்கும், ஒரு போல்ட்டைக் கழட்டுனா அதோட பங்கு பக்கத்து போல்ட்டுக்குப் போகும், அதையும் கழட்டுனா அதுக்கடுத்ததுக்கு. அவ ரெண்டு கையையும் சேத்து வச்சு அழுத்தி அழுத்தி விட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா.

முப்பது போல்ட்டுக்கு மேல எடுத்திருக்காங்க. புடைப்பு அடங்குற மாதிரி இருந்துட்டு பக்கத்துத் தகட்டுக்குப் பரவிருச்சு. அதுக்கப்புறமும் உடனே விழல, கொஞ்ச நேரம் நின்னுருக்கு, என்ன பண்ணலாம்னு மேல இருந்தவங்க யோசிக்கிற அளவுக்கு நேரம் இருந்திருக்கு. 11 மணி 50 நிமிஷத்துக்கு மொத்தமா எறங்கிருச்சு. 2,000 டன், 50 மீட்டர் உயரத்துல இருந்து. திருச்சிக்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியான உயரம். 35 பேர் செத்துப் போனாங்க, 18 பேருக்குக் காயம். கர்டர் மேலயும் உள்ளயும் வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்க அதோடயே கீழ வந்தாங்க, அதுல சிலர் பொழச்சும் இருக்காங்க. அதை விடக் கொடுமை, நெறைய பேர் மேலயே இல்ல. சாப்பாட்டு நேரம், கீழ ஸ்பேனுக்கு நேர் அடியில போட்டிருந்த ஷெட்ல உக்காந்திருந்தவங்க.

அப்பாவுக்குக் கோவம் வந்தது இந்த இடத்துலதான். போல்ட் விஷயத்தைக் கேட்டு வருத்தப்பட்டாரு, ஷெட் விஷயத்தைக் கேட்டு கொதிச்சுட்டாரு. "கட்டி முடிக்காத ஸ்பேனுக்குக் கீழ எவனும் நிக்கக் கூடாதுன்னு எங்க சைட்ல பாரம் தூக்குற எழுதப் படிக்கத் தெரியாத கலாசிக்குக் கூடத் தெரியும். இஞ்சினியர் கணக்குல தப்பு வரலாம், அவனும் மனுஷன். ஷெட்டை ஐம்பதடி தள்ளிப் போட கணக்கு எதுக்கு?" இதை அவர் அன்னைக்கு ராத்திரி சாப்புடறப்பவும் சொன்னாரு, மறுநாள் ஊருக்கு அம்மாகிட்ட போன்ல பேசறப்பவும் சொன்னாரு.

எனக்கு இதுல ரொம்ப வலிச்சது இன்னொண்ணு. அதே வருஷம் ஜூன் 2-ஆம் தேதி வேல்ஸ்ல மில்ஃபர்ட் ஹேவன் ஊர்ல கிளெடாவ் ஆத்துக்கு மேல கட்டிக்கிட்டு இருந்த ரோட்டுப் பாலம் இதே மாதிரி ஸ்டீல் பெட்டி கர்டர், இதே டிசைன் கம்பெனி, வேலை நடக்குறப்பவே நெளிஞ்சு விழுந்து நாலு பேர் செத்திருக்காங்க. அது தெரிஞ்சு இங்க வேலை பாத்தவங்க பயந்து கேள்வி கேட்டிருக்காங்க, நம்ம பாலத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் வேலைய நடத்தியிருக்காங்க. நாலரை மாசம் கூட ஆகல. அதுக்கும் முந்தின வருஷம், 1969 நவம்பர்ல, வியன்னால டான்யூப் மேல ஒரு பெட்டி கர்டர் பாலம் நெளிஞ்சுது, உயிர்ச்சேதம் இல்லாமத் தப்பிச்சாங்க. 1971 நவம்பர்ல ஜெர்மனில கோப்லென்ஸ்ல ரைன் ஆத்துக்கு மேல, 13 பேர். ரெண்டே வருஷத்துல நாலு ஆறு, நாலு பாலம், எல்லாமே வண்டி ஓட ஆரம்பிச்சப்புறம் இல்ல, ஏத்திக்கிட்டு இருக்கறப்ப. முழுசா சேந்த பாலத்துக்கு கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க, பாதி சேந்த பாலம் எப்படி நிக்கும்ங்குறதுல கோட்டை விட்டாங்க. இதுக்கப்புறம்தான் இங்கிலாந்துல மெரிசன் கமிட்டி உக்காந்து பெட்டி கர்டருக்கு விதிமுறையையே மாத்தி எழுதுச்சு. இங்க விக்டோரியால மறுநாளே ராயல் கமிஷன்னு அரசாங்க விசாரணைக் குழுவை அறிவிச்சாங்க, 1971 ஜூலைல அறிக்கை வந்துச்சு, டிசைன் பண்ணுனவங்க, ஏத்துற முறையைக் கொண்டு வந்தவங்க, ரெண்டு பக்கமும் தப்புன்னு தெளிவா எழுதியிருக்காங்க. பாலம் தொறந்தது 1978 நவம்பர் 15, விபத்து நடந்து எட்டு வருஷம் கழிச்சு.

சரி, படகுக்கு வர்றேன்.

ஃபிஷர்மன்ஸ் பெண்ட் பக்கம் எறங்குனா வெஸ்ட்கேட் பார்க் இருக்கு. அங்க ஒரு உப்பு ஏரி, வெயில் காலத்துல மழை இல்லாம உப்பு கூடுனா பாசியால தண்ணி ரோஸ் கலரா மாறும். நாங்க போனப்ப லேசான ரோஸ், பொண்ணுக்கு அதுவே போதும். பறவைங்க நெறைய. ஒரு மணி நேரம் சுத்திட்டு வந்து திரும்பிப் படகு ஏறுனோம். கையில சாப்பாடு எடுத்துட்டுப் போயிருங்க, நாங்க தயிர்சாதமும் உருளைக்கெழங்கு வறுவலும் கொண்டு போயிருந்தோம், பார்க்ல உக்காந்து சாப்புட நல்ல இடம் இருக்கு.

திரும்பி ஸ்பாட்ஸ்வுட் கரைக்கு வந்ததும் நேரா கார்ல ஏறிறாதீங்க. வடக்கால பாலத்தைப் பாத்து கொஞ்சம் நடந்தா பாலத்துக்கு அடியிலயே வெஸ்ட் கேட் மெமோரியல் பார்க். 2004 அக்டோபர் 15-ஆம் தேதி தொறந்தது. அந்த ஸ்பேன் விழுந்தது இந்தக் கரையிலதான். 35 பேர் பேரும் இருக்கு. நான் படிச்சுக் காட்டக் காட்ட அப்பா ஒவ்வொரு பேருக்கும் தலைய ஆட்டிக்கிட்டே நின்னாரு. வேற வேற நாட்டுல இருந்து பொழைக்க வந்த குடும்பத்துப் பேருங்க தெரிஞ்சுது, என் பேரும் ஒரு நாள் ஏதாவது சைட் பலகையில இருக்கலாம்ங்குற மாதிரி பேருங்க, நானும் இங்க ஸ்டீல் ஒர்க்ஷாப்லதான் வேலை பாக்குறேன். அதே பார்க்ல இன்னொரு நினைவுச் சின்னமும் இருக்கு, 1895-ல இதே ஸ்பாட்ஸ்வுட்ல யாராவுக்கு அடியில சாக்கடைச் சுரங்கம் தோண்டறப்ப தண்ணி உள்ள புகுந்து செத்த ஆறு தொழிலாளிங்களுக்கு. ஒரே கரை, மேலயும் கீழயும்.

அங்க நின்னுக்கிட்டுதான் அப்பா தன்னோட பழைய கதையைப் பேத்திக்குச் சொன்னாரு. நான் சின்ன வயசுல இருந்து நூறு தடவை கேட்ட கதை, ஆனா அந்தத் தூணைப் பாத்துக்கிட்டு கேக்குறப்ப வேற மாதிரி இருந்துச்சு. ஊர்ல ஒரு ஆத்துப் பாலம், ரோட்டுப் பாலம்தான், தகடுகளைச் சேத்துச் செஞ்ச ப்ளேட் கர்டர். சாயங்காலம் நாலு மணி, ரெண்டு துண்டைச் சேக்குற எடத்துல போல்ட் ஓட்டை ஒண்ணுக்கொண்ணு நிக்கல, அரை ஓட்டை தள்ளி நிக்குது. சூப்பர்வைசருக்கு அன்னைக்கே முடிக்கணும். டிரிஃப்ட்டை வச்சு அடிங்க, வரலைன்னா ஜாக்கி போட்டுத் தள்ளுங்கன்னு சொல்லிட்டாரு. டிரிஃப்ட்ங்குறது ஒரு முனை கூம்பின இரும்பு முளை, ஓட்டைய நேருக்கு இழுக்க அடிக்கிறது. அடிச்சாங்க, வரல. ஜாக்கி போட்டாங்க. ஜாக்கி நழுவி கர்டர் அடியில முட்டுக் குடுத்திருந்த பேக்கிங்ல இருந்து ஒரு சாண் துள்ளுச்சு, டிரிஃப்ட் தெறிச்சு அப்பாவோட இடது கட்டை விரலோட நுனியை வாங்கிட்டுப் போயிருச்சு. கர்டர் விழல. கீழ மணல்ல ஆளுங்க சிமெண்ட் மூட்டை எறக்கிக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் விடியக்காலைல அஞ்சு மணிக்கு போய்ப் பாத்தா ஓட்டை எல்லாம் தானா நேருக்கு நிக்குது. போல்ட் கையாலயே உள்ள போகுது. மத்தியானத்துக்கு மேல மேக்குப் பக்கம் வெயில் அடிச்சு ஒரு பக்க இரும்பு நீண்டு கர்டர் வில்லா வளைஞ்சிருந்திருக்கு, ராத்திரி குளுந்ததும் நேராயிருச்சு. ஒரு பழைய கலாசி சாயங்காலமே சொல்லியிருக்காரு, காலைல பாத்துக்கலாம் சார்னு. அவர் சொன்னதைக் கேட்டிருந்தா ஒரு ராத்திரி லேட்டாகியிருக்கும், அவ்வளவுதான். கதையைச் சொல்லிட்டு அப்பா கட்டை விரலைக் காமிச்சாரு, பாப்பா அதைப் புடிச்சுக்கிட்டே கார் வரைக்கும் நடந்தா.

அதனால படகு சர்வீஸ் எப்படின்னு கேட்டா, அஞ்சுக்கு அஞ்சு. சின்னப் படகு, கூட்டம் வந்தா அடுத்த ட்ரிப்புக்கு நிக்க வேண்டி வரலாம், அது நடக்கக்கூடியதுதான். காத்து நல்லா அடிக்கும், ஜாக்கெட் எடுத்துக்குங்க, குழந்தைங்களுக்குக் குல்லா. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க தண்ணி ஏறியிருக்குற நேரம் பாத்துப் போனா ஜெட்டி சாய்வு அவ்வளவா தெரியாது. சயின்ஸ்வொர்க்ஸையும் சேத்து ப்ளான் பண்ணுனா முழு நாள் ஆயிரும், நாங்க அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கிட்டோம். இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. கிளேட்டன்ல மோனாஷ் யுனிவர்சிட்டி பக்கம் இருக்குறவங்க, அங்க இஞ்சினியரிங் டிபார்ட்மென்ட் தோட்டத்துல அந்த விழுந்த ஸ்பேனோட முறுக்கிப் போன ஆறு துண்டுகளை வச்சிருக்காங்க, படிக்கிற பிள்ளைங்க தெனமும் பாக்கணும்னே கொண்டு வந்து வச்சது, அதையும் போய்ப் பாருங்க. ஒண்ணரை இஞ்ச் கம்பியை நம்ம வளைக்க முடியாம திணறுவோம், அங்க தகடு துணி மாதிரி மடிஞ்சு கெடக்கு. அப்பாவை அடுத்த சனிக்கெழமை அங்க கூட்டிட்டுப் போறேன்.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15-ஆம் தேதி 11:50-க்கு அந்த மெமோரியல் பார்க்ல கூடி நிப்பாங்க. அப்பாவோட விசா செப்டம்பர்ல முடியுது. நான் அன்னைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கேன், ஸ்பாட்ஸ்வுட்லதான் எறங்குவேன், யாராவது வர்றதா இருந்தா சொல்லுங்க, சேந்தே போகலாம்.